கெவின் எரகான் ஆன கதை: தாமே எழுதித் தாமே வெளியிடும் கதைத்தொடர் – ஓர் எழுத்துப் பாடம்

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் கட்டுரையைப் படிப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் பாட ஆசிரியர். அவரும் கையில் சிவப்பு மையுடன்தான் படிக்கிறார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டுக் கேட்ட அளவுக்கு எழுதிவிட்டால் மாணவரைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்தது. "இதைத் திருத்தி மீண்டும் எழுதிக்கொண்டு வா" என்று சொன்னால் அதை அவர் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறார்.

எழுதியதைத் திருத்துவதற்கான காரணத்தை மாணவரே உணரச் செய்வது எப்படி? அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாள் கேள்வி. இதற்கு விடை தேடியபோது எனக்குக் கைகொடுத்தது, அமெரிக்காவில் ஒரு பதின்வயதினர் தம் மிகுபுனைவு நாவல் தொடரின் முதல் நூலைக் குடும்பத்தாருடன் சேர்ந்து தாமே வெளியிட்ட வரலாறு. அந்த வரலாற்றை முன்வைத்து எட்டுப் பாடவேளைகளுக்கு ஒரு பாடம் அமைத்து ஒன்பதாம் வகுப்பில் நடத்தினேன். அதன் அமைப்பையும் நான் கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மிகுபுனைவு என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்குவது எளிது. நம் உலகில் நடக்க முடியாதவை, கதைக்கென்று வகுத்த ஒரு விதிக்குள் நடப்பதே மிகுபுனைவு. விக்கிரமாதித்தன் கதையும் வேதாளமும் அவர்கள் அறிந்தவையே.

மலைப் பள்ளத்தாக்கில் ஓர் எழுத்தாளர்

கிறிஸ்டோபர் பவோலினி 1983-இல் பிறந்தவர். மொன்டானா மாநிலத்தில் பாரடைஸ் பள்ளத்தாக்கு என்னும் மலைசூழ்ந்த பகுதியில் வளர்ந்தார். பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படித்தார். அவருடைய தாய் மாண்டிசோரி ஆசிரியராகப் பணியாற்றியவர். அஞ்சல்வழியில் 15 வயதிலேயே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த பவோலினி, தமக்குப் பிடித்த வகையில் ஒரு கதை எழுதத் தொடங்கினார். ஒரு சிறுவனிடம் டிராகன் முட்டை ஒன்று வந்து சேர்வதாக புரூஸ் கோவில் எழுதிய சிறுவர் நாவல் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது.

மிகத் தொடக்க வரைவில் அவருடைய நாயகனின் பெயர் கெவின். பிறகுதான் அது எரகான் ஆயிற்று. ஆங்கிலத்தில் டிராகன் என்னும் சொல்லின் முதல் எழுத்தான 'டி'-யை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த எழுத்தான 'இ'-யை வைத்தால் எரகான் கிடைக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பெயர் வைப்பதிலும் திருத்தம் உண்டு என்பதை அவர்கள் அந்த நொடியிலேயே புரிந்துகொண்டார்கள்.

முதல் வரைவை முடிக்க அவருக்கு ஓராண்டு ஆனது. படித்துப் பார்த்தபோது அவருக்கே நிறைவு இல்லை. இரண்டாம் ஆண்டு முழுவதையும் திருத்தி எழுதுவதில் செலவிட்டார். அதன் பின்னரே பெற்றோரிடம் படிக்கக் கொடுத்தார். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய பதிப்பகம் இருந்தது. அதன் வழியே வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். மூன்றாம் ஆண்டு செம்மை செய்வதிலும் பக்க வடிவமைப்பிலும் அட்டை தயாரிப்பிலும் கழிந்தது. கதை நிகழும் அலகேசியா நாட்டின் வரைபடத்தைப் பவோலினியே வரைந்தார்.

2002-இல் 'எரகான்' சொந்த வெளியீடாக வாசகரிடம் சென்றது. அச்சிட்டவுடன் வேலை முடிந்துவிடவில்லை. இடைக்கால உடை அணிந்துகொண்டு பள்ளிகள், நூலகங்கள், புத்தகக் கடைகள் என்று 135-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அவர் பேசினார். பெற்றோர் தங்கள் உழைப்பையும் பிழைப்பையும் இந்த ஒரு நூலை நம்பியே வைத்திருந்தனர். மொன்டானாவுக்கு வந்திருந்த எழுத்தாளர் கார்ல் ஹையசனின் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் நூலைப் படித்து மகிழ்ந்தான். ஹையசன் அதைத் தம்முடைய பதிப்பகமான நாஃப் நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். நூல் மீண்டும் செம்மையாக்கப்பட்டுச் சுருக்கப்பட்டு 2003 ஆகஸ்டில் நாஃப் வெளியீடாக வந்தது. தொடரின் அடுத்த நூல்கள் 2005, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. மூன்று நூல்களில் முடிக்கத் திட்டமிட்ட கதை நான்காக நீண்டது.

இந்த வரலாற்றைச் சாதனைக் கதையாக மட்டும் சொன்னால் மாணவருக்குப் பயன் குறைவு. "அவருக்கு வீட்டிலேயே பதிப்பகம் இருந்தது, நமக்கு?" என்று ஒரு மாணவி உடனே கேட்டார். நியாயமான கேள்வி. பவோலினிக்குக் கிடைத்த குடும்ப ஆதரவும் நேரமும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. முதல் நூலில் டோல்கீன் கதைகளின் சாயலும் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் சாயலும் தெரிவதாகத் திறனாய்வாளர் பலர் குறை சொன்னதையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை. இவற்றையெல்லாம் சொன்ன பிறகு ஒரே ஒரு கணக்கைக் கேட்டேன்: உலகம் முழுவதும் படிப்பதற்கு முன் அந்த நூல் எத்தனை முறை திருத்தப்பட்டது? தாமே ஒரு முறை, குடும்பத்துடன் ஒரு முறை, பதிப்பகத்தில் ஒரு முறை. இந்த மூன்று திருத்தங்களும் நம் வகுப்பறையிலும் நடக்கக்கூடியவைதாம். பாடத்தை அவற்றின் மேல்தான் அமைத்தேன்.

பாட அமைப்பு

ஐவர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கதைத்தொடரைத் திட்டமிட்டு, அதன் முதல் நூலை மட்டும் 16 பக்கங்களில் எழுதி வெளியிட வேண்டும். ஐவரும் ஆளுக்கோர் அத்தியாயம் எழுத வேண்டும். அத்துடன் எடிட்டர், மெய்ப்புப் பார்ப்பவர், வரைபடம் வரைபவர், பக்க வடிவமைப்பாளர், வாசகர் தொடர்பாளர் என்று ஆளுக்கொரு பொறுப்பும் உண்டு. ஆறாம் வகுப்பு மாணவர்களே வாசகர்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

செயல்பாடு 1: மாயத்துக்கு ஒரு விலை (1 பாடவேளை)

பவோலினியின் கதையில் ஒரு செயலை மந்திரத்தால் செய்தாலும், கையால் செய்தால் எவ்வளவு ஆற்றல் செலவாகுமோ அவ்வளவு செலவாகும். ஒரு பாறையை மந்திரத்தால் தூக்கினாலும் உடல் களைத்துப்போகும். இந்த விதி இல்லாவிட்டால் நாயகன் முதல் அத்தியாயத்திலேயே பகைவரை வென்றுவிடுவான், கதையே இருக்காது. ஒவ்வொரு குழுவும் தன் கதையில் வரும் மாயத்துக்கு ஒரு விலையை ஒரே தொடரில் எழுத வேண்டும். ஒரு குழு ஏரி மதகைக் காக்கும் ஆமையைப் படைத்தது. அந்த ஆமை ஒவ்வொரு முறை மாயம் செய்யும்போதும் தன் நினைவில் ஒரு நாளை இழக்கும்.

செயல்பாடு 2: பழஞ்சொல்லில் மந்திரம் (1 பாடவேளை)

பவோலினியின் மந்திர மொழிக்கு அடிப்படை பழைய நார்ஸ் மொழி. தொடரின் மூன்றாம் நூலின் பெயரான 'பிரிசிங்கர்' நெருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். நம் மாணவர்களுக்கு இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. அழல், வளி, புனல், ஆழி போன்ற சொற்கள் செய்யுள் பகுதியிலேயே உள்ளன. தமிழ் அகராதியைக் கொடுத்து, மந்திரச் சொற்களாகப் பயன்படக்கூடிய பத்துச் சொற்களைப் பொருளுடன் திரட்டச் சொன்னேன். மனப்பாடப் பகுதியில் கண்டும் காணாமல் விட்ட சொற்களை, கதைக்கு வேண்டும் என்பதற்காக அவர்கள் தேடி எடுத்தார்கள்.

செயல்பாடு 3: உலகக் குறிப்பேடும் வரைபடமும் (1 பாடவேளை)

தொடர்கதை எழுதுபவருக்கு மிகவும் தேவையானது ஒரு குறிப்பேடு. யாருக்கு என்ன வயது, எந்த ஊர் எங்கே இருக்கிறது, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எத்தனை நாள் நடை, மாயத்தின் விதி என்ன என்பவற்றை அதில் எழுதி வைக்க வேண்டும். முதல் நூல் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டால் அதில் சொன்னதை இரண்டாம் நூலில் மாற்ற முடியாது. திசை, அளவுகோல், குறியீடு ஆகியவற்றுடன் வரைபடம் வரையச் சமூக அறிவியல் ஆசிரியர் உதவினார்.

செயல்பாடு 4: முதல் வரைவும் முதல் திருத்தமும் (2 பாடவேளைகள்)

ஓர் அத்தியாயம் இரண்டு பக்க அளவு. முதல் வரைவில் பிழை திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் இடைவெளி விட்டு, எழுதியவரே தம் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்குத் தடுமாறும் தொடர்களை அவரே அடிக்கோடிட்டுத் திருத்த வேண்டும்.

செயல்பாடு 5: வாசகர் கேட்கும் கேள்வி (1 பாடவேளை)

திருத்திய வரைவை ஆறாம் வகுப்பு மாணவர் மூவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். அவர்கள் மதிப்பெண் இடக் கூடாது. எங்கே புரியவில்லை, எங்கே சலிப்புத் தட்டியது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை சொன்னால் போதும்.

ஆமைக் கதையைப் படித்த ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: "ரெண்டாவது அத்தியாயத்துலயே ஆமை மாயம் பண்ணிடுச்சே. அப்ப வெள்ளம் வந்த நாள் அதுக்கு மறந்திருக்கணும்ல? நாலாவதுல எப்படி அக்கா அதைச் சொல்லுது?"

குழுவில் யாரும் பேசவில்லை. வரைபடப் பொறுப்பில் இருந்த மாணவர் உலகக் குறிப்பேட்டை எடுத்துவந்து, அந்த விதி எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து வைத்தார். தேர்வுத்தாளில் நான்கு வரிக்கு மேல் எழுதாதவர் அவர். அன்று குழுவே அவர் பேச்சைக் கேட்டது. வெள்ளத்தை ஆமை மறந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஊரார் ஒருவர் அதற்கு நினைவூட்டுவதாகக் கதையை மாற்றலாம் என்றார். மூன்று அத்தியாயங்களைத் திரும்ப எழுதினார்கள். "திருத்தி எழுதுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செயல்பாடு 6: செம்மையும் மெய்ப்பும் (1 பாடவேளை)

செம்மை செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை மாணவர் உணர வேண்டும். எடிட்டர் கதையின் ஓட்டம், பொருந்தாத செய்தி, கூறியது கூறல் ஆகியவற்றைக் கவனிப்பார். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, நிறுத்தக்குறி ஆகியவற்றைக் கவனிப்பார். மெய்ப்பை வேறு குழுவிடம் மாற்றிக் கொடுப்பது நல்லது. வல்லினம் மிகும் இடங்கள், ர-ற, ல-ள-ழ, ண-ன வேறுபாடுகள் ஆகியவற்றை இந்த ஒரு பாடவேளையில் மாணவர்கள் தாமாகவே இலக்கண நூலைப் புரட்டிச் சரிபார்த்தனர்.

செயல்பாடு 7: பதினாறு பக்கங்கள் (1 பாடவேளை)

அச்சகத்தில் 16 பக்கங்களை ஒரு பாரம் என்பார்கள். 160 பக்க நூல் என்றால் பத்துப் பாரம். நாமும் ஒரு பாரம் செய்வோம். நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். முதல் தாளின் வெளிப்புறத்தில் 16-ஆம் பக்கமும் 1-ஆம் பக்கமும் அருகருகே வரும். உட்புறத்தில் 2-உம் 15-உம். இரண்டாம் தாளில் 14-உம் 3-உம், பின்பு 4-உம் 13-உம். மூன்றாம் தாளில் 12-உம் 5-உம், பின்பு 6-உம் 11-உம். நான்காம் தாளில் 10-உம் 7-உம், பின்பு 8-உம் 9-உம். எந்த இணையைக் கூட்டினாலும் 17 வரும். இதை நான் சொல்லவில்லை. வெற்றுத்தாளை மடித்து எண் போட்டுப் பிரித்துப் பார்த்து மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

பக்கப் பங்கீடு: 1 – தலைப்பு, 2 – உரிமைப் பக்கம், 3 – வரைபடம், 4 முதல் 13 வரை – ஐந்து அத்தியாயங்கள், 14 – பெயர்களும் மந்திரச் சொற்களும், 15 – ஆசிரியர் குழு அறிமுகம், 16 – பின்னட்டை. கையெழுத்துப் படியே போதும். நடுவில் இரண்டு தையல் போட்டு, வகுப்பு நூலகப் பதிவேட்டில் எண் கொடுத்து வைத்தோம்.

வெளியீடு என்பதன் உண்மையான கணக்கு

"இதை நிஜமாகவே அச்சடித்து விற்கலாமா சார்?" என்னும் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். கணித ஆசிரியருடன் சேர்ந்து, பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டோம்.

செம்மை, அட்டை, வடிவமைப்பு ஆகியவற்றுக்கு ரூ.25,000. ஒரு படிக்கு அச்சுச் செலவு ரூ.80 வீதம் 500 படிகளுக்கு ரூ.40,000. மொத்தம் ரூ.65,000. நூலின் விலை ரூ.200, கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு போக வெளியிடுபவர் கைக்கு வருவது ரூ.130. போட்ட முதல் திரும்ப எத்தனை படிகள் விற்க வேண்டும்? 65,000-ஐ 130-ஆல் வகுத்தால் 500. ஒரு படி வீட்டில் தங்கினாலும் நட்டம்தான்.

தேவைக்கேற்ப ஒவ்வொரு படியாக அச்சிடும் முறையும் உண்டு. அதில் படிகளைக் குவித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு படியின் செலவு கூடும். அதை ரூ.120 என்று கொண்டால் ஒரு படிக்கு மிஞ்சுவது ரூ.10. முதல் போட்ட ரூ.25,000 திரும்ப 2,500 படிகள் விற்க வேண்டும். எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்று மாணவர்கள் வாதிடட்டும்.

தொடர் என்றால் இன்னொரு கணக்கும் சேரும். முதல் நூலை வாங்கிய 100 பேரில் பாதிப்பேர் இரண்டாம் நூலை வாங்கி, அவர்களில் பாதிப்பேர் மூன்றாம் நூலை வாங்கினால், மூன்றாம் நூலுக்கு வாசகர் 25 பேர். ஆகவே முதல் நூலைச் செம்மையாகக் கொண்டுவருவதில்தான் தொடரின் ஆயுள் இருக்கிறது. திருத்தத்தின் தேவை கணக்கு வழியாகவும் தெளிவாகிறது.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை

காப்புரிமை: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படைப்பை எழுதியவுடனேயே அதன் உரிமை எழுதியவருக்கு உண்டு. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். மாணவர் எழுதிய கதைக்கு உரிமையாளர் அந்த மாணவரே. 2-ஆம் பக்கத்தில் ஐவரின் பெயரையும் எழுதச் செய்தது இதற்காகத்தான்.

ஐஎஸ்பிஎன்: நூலுக்குரிய 13 இலக்கப் பன்னாட்டுத் தர எண் இது. இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைக் கட்டணமின்றி வழங்குகிறது. தொடரின் ஒவ்வொரு நூலுக்கும் தனி எண் வேண்டும். இந்த எண்ணில் ஒரு சிறு கணித விளையாட்டும் உண்டு. ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை 1-ஆலும் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபடும். நூலகப் புத்தகங்களை எடுத்து மாணவர்களே சோதிக்கலாம்.

நூல் ஒப்படைப்பு: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்டு வெளியிடும் நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: "உங்கள் பிள்ளையை எழுத்தாளர் ஆக்குகிறோம்" என்று பெற்றோரிடம் பணம் கேட்டு வருபவர்கள் உண்டு. பணம் கொடுத்து அச்சிடுவது தவறில்லை. எத்தனை படிகள் நம் கைக்கு வரும், செம்மை செய்பவர் யார், ஐஎஸ்பிஎன் யார் பெயரில் இருக்கும், கதையின் உரிமை யாரிடம் இருக்கும் என்னும் நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறாமல் கையெழுத்திட வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். சிறார் தாமே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. பெற்றோரோ பாதுகாவலரோதான் செய்ய வேண்டும்.

மதிப்பீடு

இறுதி நூலை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் இந்தப் பாடத்தின் நோக்கம் கெட்டுவிடும். முதல் வரைவு, வாசகர் கேள்விகள், திருத்திய வரைவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். "என் அத்தியாயத்தில் நான் மாற்றிய ஓர் இடமும், அதை ஏன் மாற்றினேன் என்பதும்" என்று ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுத வேண்டும். அந்த ஐந்து வரியைப் படித்தால் அவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்னும் கவலை நம் எல்லாருக்கும் உண்டு. கதை எழுதுதல், அகராதி பயன்படுத்துதல், புணர்ச்சி, நிறுத்தக்குறி ஆகியவை எப்படியும் நடத்த வேண்டிய பகுதிகளே. அவற்றுக்குரிய பாடவேளைகளை ஒன்றாகத் தொடுத்ததால் கூடுதல் நேரம் தேவைப்படவில்லை. பருவத்துக்கு ஒரு முறை நடத்தினால் ஓராண்டில் மூன்று நூல்கள் கொண்ட ஒரு தொடர் முழுமை பெறும். ஆமைக் கதையின் இரண்டாம் நூல் எப்போது வரும் என்று ஆறாம் வகுப்பு மாணவர்கள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வகுப்பில் எழுதத் தயங்கும் மாணவருக்கு இந்த ஐந்து பொறுப்புகளில் எதைக் கொடுப்பீர்கள்? ஏன்?

2. பிற கதைகளின் சாயல் மாணவர் கதையில் தெரிந்தால், அதை அவர் மனம் வாடாமல் எப்படி எடுத்துச் சொல்வீர்கள்?

3. உங்கள் பகுதி மக்கள் பேச்சில் இன்றும் வழங்கும் பழஞ்சொற்களில் எவை மந்திரச் சொற்களாகப் பயன்படும்?